குதிமுள்ளின் இரு முகங்கள்: ஆங்கிலத் தொடர்களில் ஒரு குதிரைக் கருவியின் வரலாறு

தோற்றுவாய்

ஒரு பொருள் மக்களின் கையை விட்டு மறைந்த பின்னரும் அப்பொருளைச் சுட்டிய தொடர் மொழியில் நின்று நிலவுவது உண்டு. நெல்லைப் படியால் அளந்து கூலி தரும் வழக்கம் இன்று அருகிவிட்டது. ஆயினும் ‘படியளத்தல்’ என்னும் தொடர் அருகவில்லை. அதனைக் கூறுவோருள் எத்தனை பேர் படியைக் கையில் எடுத்து அளந்திருப்பர்? பொருள் போனபின் தொடர் மட்டும் தனித்து நிற்கும்பொழுது, அதன் பிறப்பிடத்தைப் பற்றி நாம் பிழையான ஓவியம் ஒன்றைத் தீட்டிக்கொள்வதும் இயல்பேயாகும். அத்தகைய ஓவியம் ஒன்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் மாணவர்கள் நாள்தோறும் படிக்கும் ஆங்கில ஏடுகளில் ‘ஸ்பர்’ என்னும் சொல் பலவாறாக வருகின்றது. வட்டி குறைக்கப்பட்டது பொருளாதார வளர்ச்சியை ‘ஸ்பர்’ செய்தது என ஒரு செய்தி கூறும். இளம் வழக்கறிஞர் ஒருவர் தம் முதல் பெரிய வழக்கில் ‘ஸ்பர்களை ஈட்டிக்கொண்டார்’ என மற்றொன்று கூறும். யாரோ ஒருவர் ‘கணத்தின் ஸ்பரில்’ பயணம் புறப்பட்டார் என வேறொன்று கூறும். இச்சொல் எதனைக் குறிக்கும் என மாணவரை வினவினால், பெரும்பாலோர் அமெரிக்கக் கௌபாயின் காலணியில் பின்புறமாக நீண்டிருக்கும் சிறு உருளியைச் சுட்டுவர். தமிழ் வாசகர்க்கு அவ்வுருவம் புதிதன்று. கர்ணன் இயக்கத்தில் 1972ஆம் ஆண்டு வெளிவந்த ‘கங்கா’ முதல் 2010ஆம் ஆண்டின் ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ வரை திரையிலும், டெக்ஸ் வில்லர், லக்கி லூக் முதலியோரின் தமிழ்ச் சித்திரக்கதைகளிலும் அதனை நாம் கண்டு பழகியிருக்கிறோம்.

எனினும் மேற்கூறிய தொடர்களுள் எதனையும் கௌபாய் படைக்கவில்லை. அவன் பிறப்பதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே அவற்றின் வேர்கள் ஊன்றிவிட்டன. அவன் அவற்றைப் பெற்றுக்கொண்டான். அவற்றுக்குப் புதியதோர் ஒலியையும் தோற்றத்தையும் தந்தான். இவ்வரலாற்றை அறியும்பொழுது இன்னொன்றும் புலனாகின்றது. ‘ஸ்பர்’ என்னும் சொல்லுக்கு ஆங்கிலத்தில் இரு முகங்கள் உள்ளன: ஒன்று குத்தும் முகம், மற்றொன்று அணியும் முகம். குதிரையின் விலாவிலிருந்து நோக்கினால் அது வலி; வீரனின் குதிகாலிலிருந்து நோக்கினால் அது பெருமை. ஒரு தொடரில் எம்முகம் பேசுகிறது என அறியாமல் அதனைத் தமிழாக்கவோ கற்பிக்கவோ இயலாது.

பொருளும் பெயரும்

தமிழில் இக்கருவியைக் குதிமுள் என்பர். குதி என்பது குதிகால். அதில் பூட்டிய முள் குதிமுள். இலத்தீன் மொழியார் இதனை வழங்கிய ‘கல்கார்’ என்னும் பெயரும் குதிகாலைக் குறிக்கும் ‘கல்க்ஸ்’ என்பதிலிருந்தே பிறந்தது. ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு மொழிகள் ஒரே முறையில் பெயரிட்டமை காண்க.

குதிமுள்ளுக்கு மூன்று உறுப்புகள் உண்டு. குதிகாலை வளைத்துப் பற்றும் கவை ஒன்று. அதிலிருந்து பின்னோக்கி நீளும் காம்பு ஒன்று. காம்பின் நுனியில் அமைந்த முனை அல்லது பற்களையுடைய உருளி ஒன்று. கவையின் இரு முனைகளையும் தோல்வார் இணைத்துக் காலணியோடு பிணைக்கும். ஐரோப்பாவில் கெல்ட்டிய மக்கள் ஏறத்தாழ கி.மு. 5ஆம் நூற்றாண்டளவிலேயே இதனைப் பயன்படுத்தினர், உரோமரும் அறிந்திருந்தனர். தொடக்கக் காலக் குதிமுட்கள் ஒற்றை முனை உடையன. சுழலும் உருளி 13ஆம் நூற்றாண்டளவில் வழக்கிற்கு வந்தது.

உருளி பார்வைக்குக் கொடியதாயினும், பற்கள் பலவாகி நெருங்கியிருக்கும்பொழுது அழுத்தம் பல முனைகளில் பகிரப்படுகின்றது. அது சுழன்று போவதால் ஒரே இடத்தில் ஆழப் பதிவதும் குறைகின்றது. ஆகவே சிறிய ஒற்றை முனையைக் காட்டிலும் பெரிய உருளி குதிரைக்குக் குறைந்த துன்பம் தருவதாக இருக்கலாம். தேர்ந்த குதிரைவீரர்க்குக் குதிமுள் ஒரு குறிப்பு மொழி. கைகள் கடிவாளத்திலும் படைக்கலத்திலும் ஈடுபட்டிருக்க, காலின் மெல்லிய தொடுகையாலேயே குதிரைக்குத் தம் கருத்தை உணர்த்துவர். தேராதவர் கையாளும்பொழுதோ அது குருதி தோய்ந்த கருவியாகும்.

ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவம் ‘ஸ்புரா’ அல்லது ‘ஸ்போரா’ என்பது. செருமானிய மொழிக் குடும்பம் முழுவதிலும் இதன் உறவுச் சொற்கள் உள்ளன. காலால் உதைத்தலைக் குறிக்கும் மிகப் பழைய வேர் ஒன்றிலிருந்து இவை கிளைத்தன என்பர் மொழியியலார். புறக்கணித்தலைக் குறிக்கும் ‘ஸ்பர்ன்’ என்னும் ஆங்கில வினையும் அவ்வேரினதே. முன்பு காலால் எற்றுதலைக் குறித்தது, பின்னர் மனத்தால் எற்றுதலைக் குறிக்கலாயிற்று. வடமொழியில் துடித்தல், உதறுதல், மின்னுதல் ஆகிய பொருள்களைத் தரும் ‘ஸ்புர்’ என்னும் வினையடியும் அதே வேரினதாகக் கருதப்படுகின்றது. ‘மனத்தில் ஸ்புரித்தது’ எனப் பழைய தமிழ் உரைநடையாளர் எழுதியது இவ்வடியிலிருந்து வந்ததாகும். எனவே, ‘கணத்தின் ஸ்பர்’ என்னும் ஆங்கிலத் தொடரும் ‘ஸ்புரித்தல்’ என்னும் நம் ஏடுகளின் வழக்கும், திடீரென எழும் எண்ணத்தைக் குறிப்பதில் ஒத்து நிற்பதோடு, மிகத் தொலைவான உறவும் உடையன.

குத்தும் முகம்

விலங்கை முடுக்கும் கருவி மனத்தை முடுக்குவதற்கு உவமையானது மிகப் பழைய செய்தி. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் ஏதென்சு நகரில் சொற்கலை கற்பித்த ஐசாக்ரட்டீசு என்னும் ஆசிரியர்க்கு எஃபோரசு, தியோபாம்பசு என்னும் இரு மாணவர் இருந்தனர். முன்னவர்க்குக் குதிமுள்ளும் பின்னவர்க்குக் கடிவாளமும் தாம் பயன்படுத்துவதாக அவ்வாசிரியர் கூறுவாராம். இச்செய்தியைச் சிசெரோ தம் சொற்கலை நூலில் பதிவு செய்துள்ளார். ஒருவர் மடிந்து நிற்பவர், மற்றவர் மிகைபட ஓடுபவர். இருவர்க்கும் ஒரே கருவி பொருந்தாது என்பது ஆசிரியரின் தெளிவு. விரைந்தோடும் குதிரையைக் குத்தவேண்டா எனப் பொருள்படும் பழமொழி ஆங்கிலத்திலும் உண்டு. குதிமுள் பயனுள்ளது என்று ஒப்புக்கொள்ளும்பொழுதே, அதனைத் தேவையின்றிப் பயன்படுத்துவது தீங்கு என்னும் எச்சரிக்கையும் உவமையோடு கூடவே வந்திருக்கின்றது.

ஆங்கிலப் புலவர்கள் இவ்வுவமையை நன்கு கையாண்டனர். ஷேக்ஸ்பியரின் மேக்பெத், அரசனைக் கொல்லும் தன் எண்ணத்தின் விலாவைக் குத்துதற்குப் பேராசையன்றி வேறு குதிமுள் தனக்கில்லை எனத் தன்னுள் மயங்குகின்றான். மில்டன் 1637இல் இயற்றிய ‘லிசிடஸ்’ என்னும் இரங்கற்பாவில், இன்பத்தைத் துறந்து உழைக்குமாறு உயர்ந்த உள்ளத்தை உந்தும் குதிமுள்ளாகப் புகழைக் காண்கின்றார். ஒரே கருவி ஒருவனைக் கொலைக்கும் மற்றொருவரைக் கலைக்கும் உந்துகின்றது. குதிமுள் திசையை அறியாது. விரைவை மட்டுமே அறியும். திசையைத் தருவது கடிவாளம் பிடித்த கை.

விரைவுக்குப் பெயர்பெற்ற ஒருவரை இங்கு நினைத்தல் தகும். வட இங்கிலாந்தைச் சேர்ந்த சர் ஹென்றி பெர்சி என்னும் வீரர், தாக்குதலில் காட்டிய கடுவிரைவால் ‘ஹாட்ஸ்பர்’ எனப் பெயர் பெற்றார். ஓய்வின்றிக் குதிரையை முடுக்குதலால் சூடேறிய குதிமுள்ளை உடையவர் என்பது அதன் கருத்து. 1403ஆம் ஆண்டு சூலை 21ஆம் நாள் ஷ்ரூஸ்பரிப் போரில் அவர் மடிந்தார். பெர்சி குடும்பத்திற்கு இலண்டனின் டோட்டன்ஹாம் பகுதியில் நிலங்கள் இருந்தமையால், 1882ஆம் ஆண்டு அங்குக் காற்பந்துக் குழு தொடங்கிய சிறுவர்கள் அவ்வீரரின் பட்டப்பெயரையே தம் குழுவிற்குச் சூட்டினர். நம் மாணவர்கள் ‘ஸ்பர்ஸ்’ என ஆர்ப்பரிக்கும் குழு அதுவே. அதன் சின்னத்தில் நிற்கும் சேவலும் காரணமின்றி வந்ததன்று. சேவலின் காலில் உள்ள முள்ளுக்கும் ஆங்கிலத்தில் ‘ஸ்பர்’ என்பதே பெயர்.

‘கணத்தின் ஸ்பர்’ என்னும் தொடர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் வெளிவந்த நூல்களிலேயே காணப்படுகின்றது. இங்குக் குதிரையாக நிற்பவன் மனிதன்; அவன்மேல் ஏறியிருப்பது கணம். முன்னெண்ணத்திற்கு இடந்தராமல் கணம் குத்த, அவன் பாய்கின்றான். இத்தொடர் அச்சேறியபொழுது, டெக்சசிலிருந்து வடக்கே பெருமந்தைகளை ஓட்டிச் சென்ற கௌபாய்களின் காலத்திற்கு இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அணியும் முகம்

இனி மற்றொரு முகத்தை நோக்குவோம். இடைக்கால ஐரோப்பாவில் வீரன் ஒருவன் ‘நைட்’ என்னும் பட்டம் பெறும்பொழுது அவன் குதிகாலில் பொன் முலாம் பூசிய குதிமுள் பூட்டப்பட்டது. குதிரையும் கவசமும் வாங்கிப் பேணுதல் பெருஞ்செல்வர்க்கே இயலும் ஆதலின், அது போர்த்திறத்தின் அடையாளமாக மட்டுமன்றிக் குலத்தின் அடையாளமாகவும் விளங்கிற்று. வழங்கப்பட்ட பெருமை பறிக்கப்படவும் கூடும். இரண்டாம் எட்வர்டு அரசர்க்கு இரண்டகம் செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பெற்ற கார்லைல் கோமகன் ஆண்ட்ரூ ஹார்க்லே, 1323ஆம் ஆண்டு தூக்கிலிடப்படுவதற்கு முன், அவர் குதிகாலிலிருந்த குதிமுட்கள் வெட்டி அகற்றப்பட்டன, வாளும் முறிக்கப்பட்டது. உயிரைப் பறிப்பதற்கு முன் பட்டத்தைப் பறிக்கவேண்டும் என அக்காலத்தார் கருதினர்.

குதிமுட்களை ‘வெல்லுதல்’ என்னும் தொடரோடு பெரிதும் இணைத்துப் பேசப்படும் நிகழ்ச்சி 1346ஆம் ஆண்டு ஆகத்து 26ஆம் நாள் நடந்த கிரெசிப் போர். மூன்றாம் எட்வர்டின் மகனாகிய பதினாறு வயது இளவரசன் பகைவரால் நெருக்குண்டபொழுது, உதவி வேண்டித் தந்தையிடம் தூது வந்தது. மகன் உயிரோடிருக்கிறான் என்பதை உறுதிசெய்துகொண்ட அரசர், பிள்ளை தன் குதிமுட்களைத் தானே வெல்லட்டும் எனக் கூறி உதவியை மறுத்தார் எனப் பிரான்சிய வரலாற்றாசிரியர் ஃபுருவாசார் எழுதுகின்றார். ஈண்டு ஒரு நுட்பம் கருதத்தக்கது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே, நார்மண்டிக் கரையில் இறங்கியவுடன், அரசர் மகனுக்கு நைட் பட்டம் அளித்துவிட்டார். குதிமுட்கள் ஏற்கெனவே அவன் காலில் இருந்தன. அவ்வாறாயின் அவன் வெல்ல வேண்டியது யாது? சடங்கால் பெற்றதற்குச் செயலால் உரியவனாதல் என்பதே விடை. பட்டம் வேறு, தகுதி வேறு என்னும் கருத்து இத்தொடரினுள் அன்றே குடிகொண்டுவிட்டது. இன்றைய ஆங்கிலத்தில் இத்தொடர் தாங்கிநிற்கும் பொருளும் அதுவே.

குதிமுள் தோல்வியின் அளவுகோலாகவும் ஆயிற்று. 1302ஆம் ஆண்டு சூலை 11ஆம் நாள், இன்றைய பெல்சியத்தின் கோர்ட்ரெய்க் நகரருகே, நெசவாளர் முதலிய தொழிலாளரைப் பெரும்பகுதியாகக் கொண்ட பிளாண்டர்சுக் காலாட்படை, பிரான்சு நாட்டுக் குதிரைவீரரை முறியடித்தது. மடிந்த வீரரிடமிருந்து ஏறத்தாழ 500 இணைப் பொற்குதிமுட்கள் திரட்டப்பட்டு அந்நகரின் அன்னை மரியாள் கோவிலில் தொங்கவிடப்பட்டன என்பது மரபுவழிச் செய்தி. அதனால் அப்போர் ‘பொற்குதிமுட் போர்’ எனப்படுகின்றது. அந்நாள் இன்றும் பிளாண்டர்சு மக்களின் விழாநாளாகும். குதிரையேறாத கைத்தொழிலாளர், குதிரையேறியவரின் பெருமைச் சின்னத்தைப் பறித்துத் தம் கோவிலில் தொங்கவிட்டது, வகுப்பு வேற்றுமை ஆழ்ந்திருந்த அக்காலத்தில் சிறிய செய்தியன்று. 1382இல் மீண்டும் வென்ற பிரான்சுப் படை அக்குதிமுட்களை எடுத்துச் சென்றது.

1513ஆம் ஆண்டு ஆகத்து 16ஆம் நாள் கீனகாட் என்னுமிடத்தில் எட்டாம் ஹென்றியின் படைமுன் பிரான்சுக் குதிரைப்படை சிதறியோடியது. அதற்கும் ‘குதிமுட் போர்’ என்றே பெயர் வந்தது, இம்முறை எள்ளலாக. குதிமுட்களை அவ்வீரர் முன்னேறுதற்கன்று, ஓடுதற்கே பயன்படுத்தினர் என்பது அதன் உட்கிடை. முதற்போரின் பெயரில் பேசுவது அணியும் முகம். இரண்டாவதில் பேசுவது குத்தும் முகம்.

பிரித்தானிய அரச அணிகலன்களுள் 1661ஆம் ஆண்டு இரண்டாம் சார்லசுக்காகச் செய்யப்பட்ட பொற்குதிமுட்கள் இன்றும் உள்ளன. 2023ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் நடந்த மூன்றாம் சார்லசின் முடிசூட்டு விழாவிலும் அவை அரசரிடம் காட்டப்பெற்றன. எக்குதிரையையும் தீண்டாத குதிமுட்கள் அவை. அணியும் முகம் மட்டுமே எஞ்சிய சின்னம்.

இத்தொடரின் பிறப்பிடம் அமெரிக்கா அன்று என்பதற்கு மொழிகளே சான்று. செருமன் மொழியிலும் டச்சு மொழியிலும் ஒருவர் தம் ‘குதிமுட்களை ஈட்டுகின்றார்’. பிரெஞ்சு மொழியில் ‘வெல்லுகின்றார்’. கௌபாய்களே இல்லாத நாடுகளின் மொழிகளில் அதே தொடர் அதே பொருளில் நிலவுமாயின், அது பொதுவான பழைய மரபொன்றிலிருந்து வந்ததாகவே இருத்தல் வேண்டும். அம்மரபு நைட்களின் மரபாகும்.

கோமகன் காலிலிருந்து கூலியாளின் காலுக்கு

அரசவையிலிருந்து குதிமுள் அமெரிக்கப் புல்வெளிக்குச் சென்ற வழி இசுபானியம். 1519ஆம் ஆண்டு கோர்த்தேசு மெக்சிகோவில் இறங்கியபொழுது அவரோடு 16 குதிரைகள் வந்தன. பின்னர் மாட்டுப்பண்ணைகள் பெருகியபொழுது, மந்தைகளை மேய்க்கக் குதிரையேறத் தெரிந்த கூலியாட்கள் தேவைப்பட்டனர். பழங்குடியினரும் கலப்பினத்தவரும் ஆப்பிரிக்க வழியினருமாகிய அவர்கள் ‘வக்கேரோ’ எனப்பட்டனர். பசுவைக் குறிக்கும் ‘வக்கா’ என்பதிலிருந்து பிறந்த பெயர் அது. பெரிய உருளியும் வெள்ளி வேலைப்பாடும் கொண்ட மெக்சிகோக் குதிமுட்கள் அவர்களிடையே உருவாயின. கௌபாயின் கலைச்சொற்களுள் பல அவர்களிடமிருந்தே வந்தன: ‘ராஞ்ச்’, ‘ரோடியோ’, ‘லாரியட்’ என்பன இசுபானியச் சொற்கள், ‘பக்கரூ’ என்பது ‘வக்கேரோ’ என்பதன் திரிபு.

குதிமுள்ளுக்கு மட்டும் ஆங்கிலேயர் தம் பழஞ்சொல்லையே வைத்துக்கொண்டனர். எனினும் இசுபானியர் வழங்கிய ‘எஸ்புவேலா’ என்பதும் கோத்திக் என்னும் பண்டைய செருமானிய மொழியிலிருந்து வந்ததே. ஐரோப்பாவில் பிரிந்த உறவுச் சொற்கள் இரண்டும் டெக்சசு மண்ணில் மீண்டும் சந்தித்தன. அதற்குச் சான்றாக ஓர் ஊரே உள்ளது. டெக்சசின் டிக்கன்ஸ் வட்டாரத்தில் குதிமுள் வடிவச் சூட்டுக்குறியை மாடுகளுக்கு இட்ட பெரும்பண்ணை ஒன்று இருந்தது. அதனை நடத்திய நிறுவனத்தின் பெயர் இசுபானியத்தில் ‘எஸ்புவேலா’. பண்ணையை மக்கள் அழைத்தது ஆங்கிலத்தில் ‘ஸ்பர்’. 1909ஆம் ஆண்டு அந்நிலத்தில் எழுந்த ஊருக்கு ‘ஸ்பர்’ என்றே பெயரிட்டனர்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபின், டெக்சசின் மாடுகளை வடக்கிலுள்ள இருப்புப்பாதை நிலையங்களுக்கு ஓட்டிச் செல்லும் தொழில் பெருகிற்று. 1867ஆம் ஆண்டு கான்சசின் அபிலீன் நகர் அத்தகைய சந்தையாயிற்று. இருபது ஆண்டுகள்கூட அக்காலம் முழுமையாக நீடிக்கவில்லை. 1874இல் ஜோசப் கிளிடன் காப்புரிமை பெற்ற முள்கம்பி, திறந்த புல்வெளிகளைத் துண்டுதுண்டாக அடைத்தது. முள்ளை முள்ளால் எடுப்பது என்னும் நம் பழமொழிக்கேற்ப, குதிமுள்ளின் காலத்தை முள்கம்பி முடித்து வைத்தது.

கௌபாய் கோமகனல்லன். அவன் மாதத்திற்கு ஏறத்தாழ 25 முதல் 40 டாலர் வரை பெற்ற கூலியாள். நாலவருள் ஒருவர் அளவில் கறுப்பினத்தவராக இருந்தனர் என வரலாற்றாசிரியர் மதிப்பிடுவர். 1883ஆம் ஆண்டு டெக்சசின் வடபகுதிப் பண்ணைகளில் மாதம் 50 டாலர் கேட்டு அவர்கள் வேலைநிறுத்தமும் செய்தனர். அது வெற்றி பெறவில்லை. ஏறிச் சென்ற குதிரைகள் பெரும்பாலும் பண்ணையாருக்குரியவை. சேணமும் குதிமுள்ளுமே அவனுக்குச் சொந்தம். அதனால் ஒருவன் ‘சேணத்தை விற்றுவிட்டான்’ என்றால், வாழ்விழந்தான் எனப் பொருள் கொண்டனர். நைட்டின் குதிமுள் அரசர் அளித்த கொடை. கௌபாயின் குதிமுள் தன் கூலியில் தானே வாங்கிக்கொண்ட பொருள். நியூ ஜெர்சியின் நூவர்க் நகரில் ஆகஸ்ட் பியூர்மன் போன்றோரின் தொழிற்கூடங்கள் அவற்றைப் பெருந்தொகையாகச் செய்து விற்றன. ஆங்கிலத்தில் குதிமுட்களை ‘வெல்லுதல்’ என்னும் பழைய வழக்கோடு ‘ஈட்டுதல்’ என்பதும் நிலைபெற்று இன்று மிகுதியாக வழங்குகின்றது. போர்க்களத்தில் வெல்வதினும் உழைத்து ஈட்டுவதற்கே, கூலியாளின் காலுக்கு வந்துவிட்ட குதிமுள் ஏற்ற உவமையன்றோ?

அவர்தம் பேச்சுவழக்கில் குதிமுள்ளுக்கு இட்ட பெயர்களில் பொன்னும் இல்லை, புகழும் இல்லை. ‘கொக்கி’ என்றும் ‘குடற்கொக்கி’ என்றும் அவர்கள் அதனை அழைத்ததை ரேமன் ஆடம்ஸ் 1944ஆம் ஆண்டு வெளியிட்ட மேற்கத்தியச் சொல்லகராதியில் காணலாம். கருவியின் கொடுமையை அதனை நாளும் அணிந்தவர்கள் மறைக்கவில்லை. இன்றைய தொழில்முறை ரோடியோப் போட்டிகளில் உருளியின் பற்கள் மழுங்கியிருத்தல் வேண்டும் என்னும் விதி உள்ளது.

ஒலியும் திரையும்

கௌபாய் குதிமுள்ளுக்குத் தந்த புதுமை ஒலியாகும். உருளியின் அச்சில் சிறு உலோகக் குமிழ்களைத் தொங்கவிட்டனர். நடக்கும்பொழுது அவை உருளியில் பட்டுக் கிலுகிலுத்தன. குதிரையை ஓட்டுதற்கு அவை தேவையில்லை. அணிந்தவனின் வருகையை அறிவிப்பதற்கே பயன்பட்டன. 1920களின் இறுதியில் பேசும்படம் வந்தபின், திரைக்கலைஞர் இவ்வொலியைத் தமக்கு உரியதாக்கிக்கொண்டனர். முகம் காட்டாமலே மரத்தளத்தில் குதிமுள் ஒலிக்கச் செய்து, வருபவன் அஞ்சத்தக்கவன் என உணர்த்தினர். 1942ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி பாரஸ்ட் ரேஞ்சர்ஸ்’ திரைப்படத்தில் இடம்பெற்ற புகழ்பெற்ற பாடலோ, அக்கிலுகிலுப்பைக் கட்டற்ற தனிவாழ்வின் இசையாக்கிற்று. 1973ஆம் ஆண்டு டாலசிலிருந்து சான் அந்தோனியோ நகருக்கு வந்த கூடைப்பந்துக் குழு ‘ஸ்பர்ஸ்’ எனப் பெயர் ஏற்றது. அதன் சின்னத்தில் ஓர் எழுத்தே கௌபாயின் குதிமுள்ளாக அமைந்துள்ளது. இலண்டனின் ‘ஸ்பர்ஸ்’ நைட்டின் வழியது. டெக்சசின் ‘ஸ்பர்ஸ்’ மாடுமேய்த்தவனின் வழியது. பெயர் ஒன்று, வரலாறு இரண்டு.

பணியிலிருந்து ஓய்வு பெறுவதைக் ‘குதிமுட்களைத் தொங்கவிடுதல்’ என்பர். காற்பந்து வீரர் காலணியைத் தொங்கவிடுவது போன்றதே இது. இத்தொடரைக் கேட்கும்பொழுது சுவரில் ஆணியடித்து மாட்டிய கௌபாயின் குதிமுட்கள் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. திரை நமக்குத் தந்த ஓவியம் அது. அவ்வோவியத்தில் மெக்சிகோ வக்கேரோவும் கறுப்பினக் கௌபாயும் கூலி கேட்டுப் போராடியவரும் நெடுங்காலம் இடம்பெறவில்லை. ஆனால் மொழி அவர்களை முற்றும் மறந்துவிடவில்லை. ‘பக்கரூ’ என ஒருவர் கூறும்பொழுதெல்லாம், தம்மை அறியாமலே வக்கேரோவின் பெயரைக் கூறுகின்றார்.

மொழிபெயர்ப்பும் வகுப்பறையும்

இவ்வரலாறு நமக்குக் கைகொடுப்பது மொழிபெயர்க்கும்பொழுது. வட்டிக் குறைப்பு வளர்ச்சியை ‘ஸ்பர்’ செய்தது என்பதில் பேசுவது குத்தும் முகம். ‘வளர்ச்சியை முடுக்கிவிட்டது’ என்பது பொருந்தும். மலாய் மொழியிலும் குதிமுள்ளைக் குறிக்கும் ‘பாச்சு’ என்னும் சொல்லிலிருந்தே ‘மெமாச்சு’ என்னும் வினை பிறந்து, பொருளாதாரத்தை முடுக்குதல் என்னும் பொருளில் செய்திகளில் வருவதை நம் மாணவர் அறிவர். இளம் வழக்கறிஞர் ‘ஸ்பர்களை ஈட்டிக்கொண்டார்’ என்பதில் பேசுவது அணியும் முகம். அங்கு ‘ஊக்கம் பெற்றார்’ என எழுதினால் பொருள் தலைகீழாகும். ‘தம் தகுதியை மெய்ப்பித்தார்’ என்பதே நேரிது. ‘கணத்தின் ஸ்பரில்’ என்பதற்கு ‘எடுத்தேன் கவிழ்த்தேன் என்று’ என்னும் நம் மரபுத்தொடர் எப்பொழுதும் பொருந்தாது. அது பழிப்பை உள்ளடக்கியது. ஆங்கிலத் தொடரோ சில வேளைகளில் மகிழ்ச்சியான திடீர் முடிவையும் குறிக்கும். அத்தகைய இடத்தில் ‘அந்நொடியில் தோன்றியபடி’ என எழுதலாம்.

தமிழிலும் முடுக்கும் கருவிகளுக்குக் குறைவில்லை. யானைக்கு அங்குசம், எருதுக்குத் தாற்றுக்கோல், குதிரைக்குச் சவுக்கு. ஆயினும் ஒருவரை நற்செயலுக்கு ஊக்குவதைக் குறிக்க நாம் பெரிதும் எடுத்தாளும் சொல் ‘தூண்டுகோல்’. விளக்கின் திரியை மேலேற்றிச் சுடரைப் பெருக்கும் சிறுகோல் அது. குதிமுள் வெளியிலிருந்து வலியைத் தந்து விரைவைப் பெறுகின்றது. தூண்டுகோல் திரிக்கும் நெய்க்கும் ஏற்கெனவே உள்ள ஆற்றலை வெளிப்படுத்துகின்றது. தானாக ஒளியைத் தருவதில்லை. இரண்டையும் ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக அகராதிகள் தரலாம். எழுதுபவர் அவ்விடத்தில் வலி உண்டா, ஒளி உண்டா எனத் தேர்ந்து எழுதுதல் வேண்டும். போட்டியின் நெருக்கடியால் ஒரு நிறுவனம் முடுக்கப்படுகின்றது; ஆசிரியரின் ஒரு சொல்லால் ஒரு மாணவி தூண்டப்படுகின்றாள்.

வகுப்பறையில் இத்தகைய தொடர்களைக் கற்பிக்கும் ஆசிரியர், பொருளை மட்டும் எழுதிப்போட்டு அடுத்த தொடருக்குச் செல்லாமல், மூன்று வினாக்களை எழுப்பலாம். அப்பொருள் எத்தகையது? அதனை அணிந்தவர் யார்? அதனால் துன்புற்றவர் யார்? மூன்றாம் வினாவே பெரும்பாலும் கேட்கப்படாமல் விடப்படுகின்றது. குதிமுட்களைப் பற்றிய ஆங்கிலத் தொடர்கள் அனைத்தையும் தொகுத்து நோக்கினால், வென்றவர் உண்டு, ஈட்டியவர் உண்டு, தொங்கவிட்டவர் உண்டு. அவர்களைச் சுமந்த குதிரைக்கு அவற்றுள் குரல் இல்லை.

நிறைவாக

கெல்ட்டியரின் இரும்பு முனையாய்த் தொடங்கிய குதிமுள், நைட்டின் பொற்சின்னமாகி, வக்கேரோவின் வெள்ளி உருளியாகி, கௌபாயின் கிலுகிலுக்கும் அணியாகி, இன்று பெரும்பாலும் சொல்லாகவே நிலைத்திருக்கின்றது. ஒரு தொடரை அதன் இறுதி ஓவியத்தைக் கொண்டே விளக்கிவிடுதல் எளிது. அதன் முழு வழியையும் நடந்து காண்பதே மொழிக் கல்வியாகும். ஐசாக்ரட்டீசு தம் மாணவர் இருவர்க்கும் வெவ்வேறு கருவி வேண்டும் எனக் கண்டதில், ஆசிரியர்க்கு இன்றும் ஒரு பாடம் உண்டு. நம் முன் அமர்ந்திருக்கும் மாணவருள் யாருக்கு முடுக்குதல் வேண்டும், யாருக்குத் தடுத்து நிறுத்துதல் வேண்டும், யாருக்குத் திரியைச் சற்றே மேலேற்றிவிட்டு விலகி நிற்றல் போதும் என்பதை ஒவ்வொரு நாளும் ஆராய்ந்து முடிவெடுப்பது ஆசிரியர் பொறுப்பேயாகும்.